பழைய 225, 250 கிலோவாட் காத்தாடிகள்: விதி மாறும்போதெல்லாம் மெஷினும் மாறின கதை (பல்லடம் – உடுமலை – தாராபுரம்)

கேத்தனூர் காத்து (இழை தொடங்கியவர்)

கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம், பெதப்பம்பட்டின்னு எந்தப் பக்கம் போனாலும் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் காத்தாடிகள் இன்னமும் சுத்திக்கிட்டிருக்கு. கோபுரம் 30 மீட்டர், விசிறி விட்டம் 27 முதல் 30 மீட்டர். இப்போ வர்ற மெஷின் 2 மெகாவாட்டுக்கு மேல, கோபுரம் 120 மீட்டர், விட்டமும் அதே அளவு. பாலக்காட்டுக் கணவாயில் நல்ல காத்து அடிக்கிற இடமெல்லாம் குட்டி மெஷின் கையில் இருக்கு.

கணக்கு இதுதான். உயரம் நாலு மடங்கானா காத்து வேகம் சமவெளியில் ஏறக்குறைய 22 சதவீதம் கூடும். காத்தில் இருக்கிற சக்தி வேகத்தின் மும்மடி விகிதத்தில் ஏறுறதால ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கிற சக்தி 80 சதவீதம் கூடிடும். விசிறி வீசுற பரப்பு கிட்டத்தட்ட 20 மடங்கு. ஒரு 225 கிலோவாட் மெஷின் வருஷத்துக்கு 3.5 லட்சம் யூனிட் கொடுத்தா நல்ல மெஷின். 2.1 மெகாவாட் புது மெஷின் 55 முதல் 60 லட்சம் கொடுக்கும்.

அப்புறம் ஏன் மாறலை? நம்ம ஊருக்குக் குட்டி மெஷின் ஏன் இத்தனை வந்துச்சு? 'அரசு சரியில்லை'ன்னு ஒரு வரியில் முடிக்காம, எந்த விதி, எந்த வருஷம், அதனால மெஷினில் என்ன மாறுச்சுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. கூரை சோலார், தோட்டத்து சோலார் பம்பு பத்தியும் எழுதலாம். அங்கயும் இதே கேள்விதான்.

---

ஈரோடு ஆடிட்டர்

குட்டி மெஷின் ஏன் இத்தனை வந்தது என்பதற்கு விடை வருமான வரிச் சட்டத்தின் தேய்மானப் பிரிவில் இருக்கிறது. 1990-களில் காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம் எழுதலாம், அதாவது மெஷின் விலை முழுவதையும் செலவாகக் காட்டி வரிக்கான லாபத்தைக் குறைக்கலாம். பிறகு அது 80 ஆனது. நூற்பாலை, பனியன் ஏற்றுமதி, சாயப்பட்டறை என்று லாபம் பார்த்த ஆண்டில் வரியைத் தள்ளிப்போட இதைவிட நல்ல வழி அன்று இல்லை.

80 சதவீதம் இருந்த 2010–11-ல் ஒரு கோடி ரூபாய் மெஷினுக்கு 80 லட்சம் செலவாக எழுதலாம். அன்றைய நிறுவன வரி எல்லாம் சேர்த்து 33 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக முதல் ஆண்டிலேயே 26 லட்சம் ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். வாங்குகிறவர் கேட்டது இரண்டே விஷயம்: விலை என்ன, எந்தத் தேதிக்குள் ஓட்டிக் காட்டுவீர்கள்? எத்தனை யூனிட் வரும் என்பது மூன்றாவது கேள்விதான். அரசு யூனிட்டை அளக்காமல், போட்ட பணத்தை அளந்து சலுகை கொடுத்தது. அதனால் யூனிட் அதிகம் தருகிற மெஷினைத் தேட யாருக்கும் அவசரமில்லை. ஒரு மில் ஒரே ஆண்டின் லாபத்தில் வாங்கக்கூடிய அளவு 225, 250 கிலோவாட்தான்.

தேதி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய சொத்துக்குத் தேய்மானம் பாதிதான். செப்டம்பர் கடைசிக்குள் ஓடினால் முழு 80. அக்டோபரில் ஓடினால் 40. காற்றுப் பருவம் மே கடைசியில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. பருவம் முடிகிற வாரத்தில் மெஷினைத் தொடங்கி வைக்கிற வழக்கம் இங்கே எப்படி வந்தது என்று இப்போது புரியும்.

---

உடுமலை ரிலே

ஆடிட்டர் சார் சொன்ன அந்தத் தேதிதான் அடித்தளத்தில் வந்து விழுந்தது. கான்கிரீட் முழு வலு ஏற 28 நாள் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் கான்கிரீட் போட்டு செப்டம்பர் மூன்றாம் வாரம் கோபுரத்தை ஏற்றினால் என்ன ஆகும்? போல்ட் வளையத்துக்கும் கோபுர அடித்தட்டுக்கும் நடுவில் போடுகிற கிரவுட் (நிரப்புச் சாந்து) சரியாக இறுகாமல் பொடிந்து போகும். போல்ட் இழுவிசை தளரும். கோபுரம் ஆடத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கு முன்னாடியும் டார்க் (முறுக்கு விசை) பார்த்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மெஷினை வாங்குகிறவர்கள் கியர்பாக்ஸ் எண்ணெய் அறிக்கையைக் கேட்கிறார்கள், கிரவுட்டைப் பார்ப்பதில்லை. அடித்தட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிர்ந்திருக்கிறதா, போல்ட் அடியில் துரு வழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்சார விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து மெஷின் எல்லாம் இண்டக்ஷன் ஜெனரேட்டர். யூனிட் கொடுக்கும்போதே கிரிட்டிலிருந்து (பொது மின்வலை) ரியாக்டிவ் பவரை, அதாவது காந்தப்புலத்துக்காக வந்து போகிற, வேலை செய்யாத மின்சாரத்தை இழுக்கும். தொடக்கத்தில் இதற்குக் கட்டணம் இல்லாததால், இதை மெஷின் பக்கத்திலேயே ஈடுகட்ட வேண்டிய கெப்பாசிட்டர் பேங்க் பேருக்கு இருந்தது. பருவத்தில் சப்ஸ்டேஷன் வோல்டேஜ் சரிந்து, ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து வருகிற மின்தடம்) ட்ரிப் ஆகி, நல்ல காற்றில் எல்லா மெஷினும் நின்றன. பிறகு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ரியாக்டிவ் இழுவைக்கு விலை வைத்தது: கொடுத்த யூனிட்டில் 10 சதவீதம் வரை இழுத்தால் 25 காசு, தாண்டினால் இரட்டிப்பு. அதற்கப்புறம்தான் எல்லாரும் கெப்பாசிட்டரைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இன்றைக்கும் இந்தக் கட்டணம் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். கெப்பாசிட்டர் வெயிலில் காய்ந்து கொள்ளளவு குறைந்திருக்கும்; இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துக் கரண்ட் அளக்க வேண்டும். கெப்பாசிட்டரை இணைக்கிற கான்டாக்டர் சுவிட்ச் ஒட்டிப்போயோ எரிந்துபோயோ இருக்கும். அல்லது காற்று குறைந்த மாதத்தில் மெஷின் ஓயாமல் இணைந்து பிரிந்து, யூனிட் குறைவாகவும் ரியாக்டிவ் அதிகமாகவும் பதிவாகும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பில்லை எடுத்து இந்த விகிதத்தை மாதவாரியாகப் பாருங்கள்.

இன்னொன்று, 2014 ஏப்ரல் நடுவுக்குப் பிறகு உயர் மின்னழுத்தத்தில் இணைகிற காற்றாலைகள் கிரிட்டில் வோல்டேஜ் திடீரென்று சரிந்தாலும் சில நொடி கழன்றுவிடாமல் தாங்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணைய விதி வந்தது. பழைய மெஷினால் அது முடியாது. ஒரு கோளாறு வந்தால் ஒரு ஃபீடரில் இருக்கிற எல்லாமே ஒரே நேரத்தில் கழன்றுவிடும். புது மெஷினில் கன்வெர்ட்டர் (மின்சாரத்தை மின்னணு முறையில் மாற்றிக் கொடுக்கிற கருவி) பரவலானதற்கு இந்த வகை விதிகளும் ஒரு காரணம். விலையும் ஏறியது, தரமும் ஏறியது.

---

கேத்தனூர் காத்து

நல்லா விளக்கினீங்க. ஒண்ணு சேர்த்துக்கறேன். வரிச்சலுகையால வந்ததெல்லாம் வீண்ணு யாரும் எடுத்துக்க வேண்டாம். மின்வாரியம் 1986-லிருந்து மாதிரிக் காத்தாடிப் பண்ணை போட்டுக் காத்தை அளந்து காட்டினதும், மில்லுக்காரங்க சொந்த யூனிட்டை வாரிய ஒயரிலேயே கொண்டு வந்துக்கலாம்னு வீலிங்கும், மிச்ச யூனிட்டை வாரியத்துக்கிட்ட சேத்து வெச்சு அப்புறம் எடுத்துக்கலாம்னு பேங்கிங்கும் கொடுத்ததும்தான் அடிப்படை. வரி மட்டும்னா ஒரு வருஷத்தில் அலை ஓய்ஞ்சிருக்கும். இன்னைக்குத் தமிழ்நாட்டில் காத்தாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிக்குதுன்னா, சொந்த உபயோக யூனிட்டுக்கு இடம் கொடுத்த விதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

---

ஈரோடு ஆடிட்டர்

ஒத்துக்கொள்கிறேன். அடுத்த கட்டத்தையும் பதிந்துவிடுகிறேன்.

2009 கடைசியில் மத்திய அரசு உற்பத்தி ஊக்கத்தொகை கொண்டுவந்தது. கிரிட்டுக்குக் கொடுக்கிற யூனிட்டுக்கு 50 காசு; ஆனால் இதை எடுத்தால் மேலே சொன்ன 80 சதவீதத் துரிதத் தேய்மானம் கிடையாது. முதல்முறையாக யூனிட்டை அளந்து காசு கொடுத்தார்கள். உயரமான கோபுரம், பெரிய விசிறி, முறையான காற்று அளவீடு இவற்றுக்கெல்லாம் மதிப்பு வந்தது. 2012 மார்ச்சோடு இரண்டு சலுகையும் ஒன்றாக நின்றன. நாடு முழுக்க அந்த ஆண்டு 3,000 மெகாவாட்டுக்கு மேல் வந்த காற்றாலை, அடுத்த ஆண்டு ஏறத்தாழ 1,700-க்கு இறங்கியது. பிளேடு, கோபுரம் செய்கிற பட்டறைகள் ஆள் குறைத்தன. 2013-ல் ஊக்கத்தொகை, 2014-ல் தேய்மானம் என்று இரண்டும் திரும்ப வந்தன. 2017 ஏப்ரல் முதல் தேய்மானம் 40 சதவீதம்.

அதே 2017 பிப்ரவரியில் முதல் தேசிய ஏலம். யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. மக்களுக்கு மலிவு மின்சாரம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏலத்தில் நிற்கக் குறைந்தது 50 மெகாவாட் வேண்டியிருந்தது. ஒன்று, இரண்டு மெஷின் நடுகிற பல்லடத்துக்காரருக்கு அரசிடம் விற்கிற கதவு அத்துடன் பெரும்பாலும் சாத்தப்பட்டது. சொந்த உபயோகம் அல்லது பலர் பங்கு போட்டுத் தங்கள் உபயோகத்துக்கே மின்சாரம் எடுக்கிற கூட்டு கேப்டிவ்தான் மிச்சம்.

கூட்டு கேப்டிவுக்கு 2005 மின்சார விதிகளின்படி இரண்டு நிபந்தனை: பயன்படுத்துகிறவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு, ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதம் அவர்களே எடுக்க வேண்டும், அதுவும் பங்கு விகிதப்படி, 10 சதவீதம் கூடக்குறைய. ஒரு மில் பாதி ஆண்டு மூடிவிட்டால் அதன் பங்கு யூனிட் எடுக்கப்படாமல் கிடந்து, கூட்டம் முழுக்க கேப்டிவ் தகுதியை இழக்கலாம். அப்போது, வெளியே மின்சாரம் வாங்குகிறவரிடம் வாரியம் வசூலிக்கிற குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் எல்லார் தலையிலும் விழும். ஒப்பந்தத்தில் பங்கை மாற்றிக் கொடுக்கிற பிரிவு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு மாற்றம் பலர் கவனத்தில் இல்லை. புதிய வரித் திட்டத்தில் 22 சதவீதத்துக்குப் போன நிறுவனத்துக்கு மொத்த வரி 25.17. ஒரு கோடிக்கு 40 சதவீதத் தேய்மானம் என்றால் முதல் ஆண்டு மிச்சம் 10 லட்சம்தான். 26 லட்சம் எங்கே, இது எங்கே! இன்று காற்றாலை வாங்குகிறவர் யூனிட்டைத்தான் பார்த்தாக வேண்டும். தாமதமாக வந்தாலும் இது நல்ல திசை.

---

மில் மின்பிரிவு கோவை

யூனிட் என்று வந்துவிட்டால் பேங்கிங் விதிதான் மெஷினைத் தீர்மானிக்கும். 2018 மார்ச் 31 வரை ஓடத் தொடங்கிய காற்றாலைக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 மாதப் பேங்கிங், 14 சதவீதக் கழிவு. அதற்குப் பிறகு வந்ததற்கு அந்த மாதத்துக்குள்ளேயே எடுத்தாக வேண்டும். மிச்சத்துக்குக் கொள்முதல் விலையில் 75 சதவீதம்.

மாதம் 3 லட்சம் யூனிட், ஆண்டுக்கு 36 லட்சம் எடுக்கிற ஒரு நூற்பாலையை வைத்துப் பாருங்கள். காற்றாலையும் ஆண்டுக்கு 36 லட்சம் கொடுக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், சுமார் 24.5 லட்சம், ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்துவிடும். அந்த நாலு மாதத் தேவை 12 லட்சம். மிச்சம் 12.5 லட்சம். 12 மாதப் பேங்கிங் இருந்தால் 14 சதவீதம் போக 10.7 லட்சம் மார்ச் வரை உதவும். ஆண்டுத் தேவையில் 34 லட்சத்துக்கு மேல் காற்றே கொடுத்துவிடும். மாதப் பேங்கிங் என்றால் அதே 12.5 லட்சமும் யூனிட் இரண்டு ரூபாய்ச் சொச்சத்துக்குப் போகும்.

அதனால் புதிதாகப் போடுகிறவர் பருவத் தேவைக்கு மட்டும் காற்றாலை எடுப்பார்: ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட் தருகிற அளவு. காற்றில்லாத 8 மாதத்தில் 24 லட்சம் தேவை, காற்று கொடுப்பது 5.5 லட்சம். பள்ளத்தை நிரப்ப சோலார். இந்தப் பக்கம் 1 மெகாவாட் பேனல் மாதம் 1.3 லட்சம் கொடுக்கும். ஒரு மெகாவாட் போட்டால் 8 மாதத்தில் 10.4 லட்சம் வரும். பருவத்திலும் அதே சோலார் ஓடுவதால், காற்றாலையை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். காற்றும் சோலாரும் சேர்ந்த கூட்டு அமைப்பு திடீரென்று பிரபலமானதற்கு மாதப் பேங்கிங் பெரிய காரணம். அறிவியல் பத்து வருஷத்துக்கு முன்பும் அதேதான்.

நேரப் பட்டியையும் மறக்காதீர்கள். பீக் (தேவை உச்சமாகும்) நேரத்தில் எச்.டி. (உயர் மின்னழுத்த) சர்வீஸுக்கு 25 சதவீதம் கூடுதல். சாதாரண நேரத்தில் விளைந்த சோலார் யூனிட்டை மாலை 6 முதல் 10 வரையான பீக்கில் கழிக்க முடியாது. 24 மணி நேரமும் ஓடுகிற மில்லுக்குச் சோலார் எவ்வளவு போட்டாலும் மாலை பீக் அப்படியே நிற்கும். பருவத்தில் காற்று மாலையிலும் அடிப்பதால் அந்த யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். ஆண்டு மொத்தத்தைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மெஷின்காரரிடம் 15 நிமிட வாரியான உற்பத்திக் கணக்கு கேளுங்கள்.

---

சோமனூர் தறி

மில்லுக்காரங்க கணக்கு சரிங்க. சின்னத் தறிக்காரங்களுக்குச் சொல்லுங்க. 8 தறி ஷெட்டு, சிமெண்ட் ஷீட்டுக் கூரை. 10 கிலோவாட் போடுங்கன்னு விற்பனைக்காரங்க வர்றாங்க. ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம் விசைத்தறிக்கு இருக்குது. போட்டா கட்டுமுங்களா?

---

மில் மின்பிரிவு கோவை

10 வேண்டாமுங்க. தறிக்கு 0.6 கிலோவாட் வைத்தால் 8 தறிக்கு 4.8. பகலில் அதற்கு மேல் விளைவது கிரிட்டுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2021 ஆணையின்படி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிற நெட் மீட்டரிங் வீட்டு இணைப்புக்குத்தான். தறிக்கு நீங்கள் கொடுக்கிற யூனிட்டுக்கு ஒரு விலை, எடுக்கிற யூனிட்டுக்கு வேறு விலை. கொடுக்கிற விலை மிகக் குறைவு. ஆகவே பகல் சுமையைத் தாண்டிப் போடுகிற ஒவ்வொரு பேனலும் நட்டம். 5 கிலோவாட் போதும்; ரெண்டு மாதத்தில் 1,200 யூனிட் வரும்.

16 மணி நேர ஓட்டம், மாதம் 25 நாள் என்றால் உங்களுக்கு ரெண்டு மாதத்தில் 3,800 யூனிட் ஆகும். சோலார் கட்டணத்தின் மேல் படியில் இருந்துதான் யூனிட்டைக் குறைக்கும், இலவச 1,000 அப்படியே இருக்கும். ஆனால் விசைத்தறிக் கட்டணமே குறைவு என்பதால் போட்ட பணம் திரும்ப, எட்டு ரூபாய் கொடுக்கிற சிறுதொழில் பட்டறையைவிட அதிக ஆண்டு பிடிக்கும். கூலித்தறி ஷெட்டுகளில் சோலார் மெதுவாகவே வருவதற்குக் காரணம் இதுதான். இலவச யூனிட்டை எடுக்கச் சொல்லவில்லை. தறிக்காரருக்கு அது உயிர். அந்த 1,000 யூனிட்டுக்கு வாரியத்துக்குப் போகிற மானியத்தில் ஒரு பகுதியைக் கூரை சோலாராகவே கொடுத்தால் அரசுக்கும் செலவு குறையும் என்பது என் கருத்து.

பட்டறைக்காரர்களுக்கு வேறு பிரச்சினை: கூரை சோலார் யூனிட்டுக்கு நெட்வொர்க் கட்டணம். 2023 செப்டம்பரில் சிறுதொழில் சங்கங்கள் கதவடைத்தபோது நிலைக்கட்டணம், பீக் கட்டணத்தோடு இதுவும் கோரிக்கையில் இருந்தது. பிறகு சிறு, குறு தொழிலுக்குப் பாதியாகக் குறைத்தார்கள். தன் கூரையில் விளைந்து தன் மோட்டாரிலேயே தீர்ந்துபோகிற யூனிட்டுக்கு ஒயர் வாடகை கேட்பது நியாயமில்லை.

போடும்போது: சிமெண்ட் ஷீட்டில் ஏறி நடக்கவே கூடாது, அது தாங்காது. ஷீட்டில் துளை போட்டு இரும்புச் சட்டத்தை, ஷீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான பர்லினில் பிடிக்க வேண்டும். பேனலும் சட்டமும் சதுர மீட்டருக்கு 15 கிலோ வரை வரும். கூரையைத் தாங்குகிற ட்ரஸ் பழையது என்றால் ஷெட்டுக்கு வெளியே தனித் தூண் நிறுத்துங்கள். சாய்வு 10, 11 டிகிரி, தெற்கு நோக்கி. பஞ்சுத் தூசி பெரிய எதிரி. எக்ஸாஸ்ட் ஃபேன் வாய்க்கு மேல் பேனல் வைத்தால் பனி ஈரத்தில் தூசி பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பேனலின் கீழ் விளிம்பில் ஒரு விரல்கிடை படிந்தாலே முழு வரிசையும் இறங்கும். காலை வெயில் ஏறும் முன் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கறை நிரந்தரம். டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி.

கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்காக அந்த விதி.

---

காங்கயம் தோட்டம்

தோட்டத்துப் பக்கம் வாங்க. 1990-லிருந்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம். கனெக்சனுக்குப் பதிஞ்சு காத்திருக்கறவங்களுக்கு 60 சதவீத மானியத்தில் சோலார் பம்புன்னு சொல்றாங்க. போர் 900 அடி, தண்ணி 800 அடியில. 10 எச்.பி. போட்டா தென்னைக்கு ஆகுமுங்களா? பக்கத்துத் தோட்டங்கள்ல மத்தியானம் ரெண்டு மணிக்கே தண்ணி மெலிஞ்சுடுதுன்னு சொல்றாங்க.

---

பீளமேடு பம்பு

ஆகும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள். 800 அடி என்பது சுமார் 245 மீட்டர். 10 எச்.பி. என்றால் 7.46 கிலோவாட். அந்த ஆழத்துக்கு மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம் வைத்தால் தண்ணீராக மாறுவது 3 கிலோவாட். நொடிக்கு 1.2 லிட்டர், மணிக்கு 4,400 லிட்டர். நல்ல வெயில் நாளில் முழு ஓட்டத்துக்குச் சமமாக 5 மணி நேரம். ஆக நாளைக்கு 22,000 லிட்டர். மரத்துக்கு 70 லிட்டர் சொட்டுநீர் என்றால் 300 மரம். வாய்க்காலில் பாய்ச்ச நினைத்தால் ஆகாது.

மத்தியானம் மெலிவதற்குக் காரணம் பேனல் எண்ணிக்கைதான். 415 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்ட, பேனல் மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கிற கன்ட்ரோலருக்கு 587 வோல்ட் டி.சி. வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று வேலை செய்யும்போது 41 வோல்ட். 15 பேனல் தொடரில் போட்டால் 615 வோல்ட், காகிதத்தில் சரி. சித்திரை மாத மத்தியானம் பேனல் 65 டிகிரி சூடாகும். வோல்டேஜ் 13 சதவீதம் இறங்கி 535-க்கு வந்துவிடும். கன்ட்ரோலர் ஹெர்ட்ஸை, அதாவது மோட்டார் வேகத்தைக் குறைக்கும். ஆழ்துளையில் வேகம் சற்றுக் குறைந்தாலே தண்ணீர் மேலே வராது, ஏனென்றால் தூக்குகிற உயரம் வேகத்தின் இருமடியில் இறங்கும். 17 பேனல் போட்டால் சூட்டிலும் 605 வோல்ட் நிற்கும், 9.2 கிலோவாட்டும் ஆகும். மத்திய அமைச்சக அளவுகோலிலும் 10 எச்.பி.க்கு 9 கிலோவாட் என்றுதான் இருக்கிறது.

அந்த அளவுகோல் வாட்டைத்தான் சொல்கிறது. வாட்டைச் சரிக்கட்டப் பேனலை இரண்டு சின்ன வரிசையாகப் பிரித்துப் போட்டாலும் காகிதத்தில் 9 கிலோவாட் வந்துவிடும், வோல்டேஜ் வராது. மானியக் கோப்பில் கையெழுத்துப் போடும் முன் வெயில் நேரத்தில் கன்ட்ரோலர் திரையில் மூன்று எண்ணைப் பாருங்கள்: டி.சி. வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்ப்ஸ். ஹெர்ட்ஸ் 50-ஐத் தொடவில்லை என்றால் வரிசையில் பேனல் கூட்டச் சொல்லுங்கள். தென்னை நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் இதே விளைவு.

இன்னொரு வாய்ப்பு பலருக்குத் தெரியவில்லை. பம்போடு மாவு அரைப்பான், தீவனம் வெட்டும் கருவி எல்லாம் ஓட்டுகிற பொதுக் கன்ட்ரோலருக்கும் மத்திய அமைச்சக விதிமுறை இருக்கிறது. மழைக்காலத்தில் பம்பு சும்மா கிடக்கிற தோட்டத்தில் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எனக்கு இதில் ஒரே மனக்குறை உண்டு. இலவச மின்சாரத்தால் பல தோட்டங்களில் பழைய பம்பை மாற்றுவதில்லை. கோவைப் பட்டறைகளில் நல்ல திறனுள்ள பம்பு செய்யத் தெரியும், கேட்கிறவர் குறைவு. கிரிட் பம்பைச் சோலாராக்கி மிச்ச யூனிட்டுக்கு விவசாயிக்குக் காசு கொடுக்கிற பிரிவு மத்தியத் திட்டத்தில் 2019-லேயே வந்தது. அது பரவலாக வந்தால் தண்ணீரை மிச்சம் பிடிப்பவருக்கு வருமானம் வரும், நிலத்தடி நீருக்கும் அதுதான் வழி.

---

உடுமலை ரிலே

கேத்தனூர் அண்ணா தொடங்கிய கேள்விக்குத் திரும்புகிறேன்: பழையதை மாற்றுவது. 2016-ல் ஒரு மத்தியக் கொள்கை, 2023 டிசம்பரில் இன்னொன்று, 2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கொள்கை. காகிதம் போதுமான அளவு இருக்கிறது. சிக்கல் வருகிற இடம் முதலில் இடைவெளி. மெஷினுக்கு மெஷின் குறுக்கே விசிறி விட்டத்தைப்போல் 5 மடங்கு, காற்றுத் திசையில் 7 மடங்கு விடச் சொல்கிற பழைய 5 விட்டம், 7 விட்டம் விதியைப் போட்டுப் பாருங்கள். 27 மீட்டர் விசிறிக்கு 135க்கு 189 மீட்டர், சுமார் 6 ஏக்கர். 120 மீட்டர் விசிறிக்கு 600க்கு 840, சுமார் 124 ஏக்கர். ஒரு புது மெஷினுக்கு இருபது பழைய மெஷின் இடம்! இருபதும் சேர்ந்து 70 லட்சம் யூனிட் கொடுத்தால் புதியது ஒன்று 60 லட்சம். மாற்றியதில் யூனிட் குறைகிறது.

ஆனால் கணவாயில் பருவக் காற்று மேற்கிலிருந்து ஒரே திசையில் வருகிறது. குறுக்கே 3 விட்டம் விட்டாலே போதும். 75 ஏக்கரில் முடியும். அப்போது அதே நிலத்தில் யூனிட் கூடும். திசை மாறாத காற்றுக்கும் எல்லாத் திசைக் காற்றுக்கும் ஒரே இடைவெளி வைப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது ஒயர். பழையவை 11 அல்லது 22 கேவி ஃபீடரில் தொங்குகின்றன. புது மெஷினுக்கு 33 கேவி வேண்டும். மாற்றுவதானால் சப்ஸ்டேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், ஃபீடர் கம்பி எல்லாம் மாற வேண்டும். இருபது பேரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பழைய ஃபீடர் அவருக்காக நிற்க வேண்டும். மூன்றாவது, மெகாவாட்டுக்கு 30 லட்சம் மேம்பாட்டுக் கட்டணம். காற்றாலைக்காரர்கள் நீதிமன்றம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

ஈரோடு ஆடிட்டர்

கட்டணம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. சப்ஸ்டேஷனை யாராவது கட்டத்தானே வேண்டும்? வாரியத்தின் நட்டம் கடைசியில் வீட்டுக் கட்டணத்தில்தான் வரும். ஆனால் வாங்கும் 30 லட்சம் எந்த சப்ஸ்டேஷனுக்கு, எந்த மாதத்துக்குள் என்று எழுத்தில் வர வேண்டும்.

அதைவிடப் பெரியது பேங்கிங். பழைய மெஷினுக்கு 12 மாதப் பேங்கிங் உரிமை இருக்கிறது. மாற்றினால் அது போய்விடும் என்றால், கணக்குத் தெரிந்த எவரும் பழையதையே எண்ணெய் ஊற்றி ஓட்டிக்கொண்டிருப்பார். மேலே மில் மின்பிரிவு காட்டிய 12.5 லட்சம் யூனிட் ஞாபகம் இருக்கட்டும். பழைய அளவு யூனிட்டுக்குப் பழைய பேங்கிங்கை விட்டுவிட்டு, கூடுதலாக விளைவதற்கு மட்டும் மாதப் பேங்கிங் வைத்தால் வாரியத்துக்கு இன்றைய நிலையிலிருந்து ஒரு காசும் கூடுதல் சுமை இல்லை. ஆணையம் கருத்துக் கேட்கும்போது எல்லாரும் இதை எழுத வேண்டும்.

---

கேத்தனூர் காத்து

இது நல்ல யோசனை. வாரியத்தின் கஷ்டமும் உண்மை: ஆடி மாசம் நடு ராத்திரி வர்ற காத்தை எங்க வைக்கிறது? ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட், 1980-களின் கடைசியில் ஓடத் தொடங்கினது. மேல் ஆழியாறு தண்ணியை ராத்திரி மேலே ஏத்தி மாலை பீக்கில் இறக்கறதுக்குத்தான் கட்டினாங்க. அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல இன்னொண்ணு முடியலை. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் வேலை நடந்துக்கிட்டிருக்கு. அது மாதிரி இன்னும் நாலு இருந்தா ராத்திரிக் காத்தைப் பத்தி வாரியத்துக்கு இவ்வளவு கவலை இருக்காது. மில்லிலேயே பேட்டரி வெச்சா என்னங்க?

---

மில் மின்பிரிவு கோவை

அதே 3 லட்சம் யூனிட் மில்லை எடுத்துக்கொள்வோம். சராசரி 417 கிலோவாட். மாலை பீக் 4 மணி நேரம், சுமார் 1,670 யூனிட். 90 சதவீதம் வரை இறக்கலாம் என்றால் 1,850 யூனிட் பேட்டரி.

யூனிட் 7 ரூபாய் 50 காசு என்று வையுங்கள். இரவு 10 முதல் 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி போக 7.13. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது போகிற 14 சதவீத இழப்பையும் சேர்த்தால் 8.29. பீக்கில் மிச்சமாவது 9.38. லாபம் ஒரு ரூபாய் சொச்சம். பேட்டரி தேய்மானத்துக்கே ஆகாது.

பருவத்தில் கணக்கு வேறு. மாதக் கடைசியில் இரண்டு ரூபாய்ச் சொச்சத்துக்குப் போகிற காற்று யூனிட்டை இரவில் ஏற்றினால் இழப்பும் வீலிங் செலவும் போக யூனிட்டுக்கு ஆறு ரூபாய் பக்கம் நிற்கும். ஆனால் அது நாலு மாதம்தான். இரவுத் தள்ளுபடியை 5-லிருந்து 20 சதவீதமாக்கினால் மற்ற 8 மாதமும் லாபம் யூனிட்டுக்கு 2 ரூபாய் 40 காசுக்கு வரும். அப்போது பேட்டரி வங்கிக் கடனுக்குத் தாங்கும்.

வைக்கிற இடம் முக்கியம். காற்றாலைப் பக்கமோ சோலார் பண்ணையிலோ வைத்தால் ஏற்றிய யூனிட் எந்த நேரப் பட்டியில் சேரும் என்று வாரியத்திடம் தனி ஒப்புதல் வேண்டும். மில் மீட்டருக்கு உள்ளே வைத்தால் பீக் நேரத்தில் நீங்கள் இழுப்பது குறைகிறது, அவ்வளவுதான். கன்வெர்ட்டர் 450 கிலோவாட், ஏற்றுவது இரவு 11-க்கு மேல் ஆறு மணி நேரத்தில் மெதுவாக. இல்லையென்றால் மேக்ஸிமம் டிமாண்ட் (மாதத்தில் இழுத்த உச்ச அளவு) ஏறி, மிச்சம் பிடித்ததை டிமாண்ட் கட்டணம் தின்றுவிடும். 417-க்கு மேல் ஏற்றும் சுமை 320 சேர்ந்தால் 737 கிலோவாட். ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் அனுமதித்த டிமாண்ட் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பில்லில் பார்த்துவிடுங்கள்.